பூசத்துக்கு அடுத்த வரி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கம்ப்யூட்டர் மேல் வராது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மேல் வரும். இருபது வருடத்துக்கு மேலாக அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்துகொண்டு, கடலூர் வரைக்கும் உள்ள கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். "இன்னும் இதெல்லாம் பண்றாங்களா சார்? போன்ல ஆப் போடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்காரர்களுக்குப் பெரிய திரையும் கீபோர்டும் வேண்டியிருக்கிற வரைக்கும் எனக்குச் சோறு உண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னால் சண்டையில்தான் முடியும்.

இந்தத் தொழிலில் பிரச்சினைகள் மொத்தமே ஏழெட்டுதான். ஆள்தான் மாறுவார்கள். 'சேமி' பொத்தானைப் படபடவென்று இரண்டு தடவை அழுத்திவிட்டு, ஒரே ஆள் ஏன் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறார் என்று கேட்பார்கள். ஒரு தடவை அழுத்தியதும் பொத்தானை மங்க வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் மருந்து. தேடச் சொன்னால் திரை வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிடும். தேடுகிற வேலையையும் திரையை வரைகிற வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் வேறென்ன ஆகும்? சமைக்கிறவரே பரிமாறவும் வந்தால் பந்தி நிற்கத்தான் செய்யும். கண் சரியாகத் தெரியவில்லை என்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்வார்கள். பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். "சேமியே காணோம் சார்" என்று காலங்கார்த்தால போன் வரும். முதல் ஐந்து வருடம் பொறுமையாகப் பதில் சொன்னேன்.

இதில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றே ஒன்று. எதையாவது நீக்கப் போனால் ஒரு பெட்டி வந்து கேட்கும்: 'இதை நீக்கினால் திரும்பப் பெற முடியாது. உறுதியாக நீக்கவா?' கீழே ஆம், இல்லை. இந்த இரண்டு வரியை நான் உட்கார்ந்து யோசித்து எழுதினேன். ஒருத்தரும் படிப்பதில்லை. பெட்டி வந்ததும் 'ஆம்', அடுத்த நிமிடம் எனக்குப் போன். ஒரு தடவை வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு உரக்கடையில் சோதனைக்காக அந்த வரியை மாற்றி, 'நாளை முதல் மாடு மேய்க்கப் போகிறீர்களா?' என்று போட்டு வைத்தேன். கடைக்காரர் 'ஆம்' அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். ஜனங்களைப் பற்றி என் அபிப்பிராயம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. அந்த அபிப்பிராயத்தோடுதான் நான் திருமணத் தகவல் மையத்துக்காரர்களின் போனையும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மையம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. நடத்துபவர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கட்டுகளையும் கோப்புகளையும் நீதிபதிக்கு எடுத்துவைத்தவர். எதுவானாலும் தாளில் இருந்தால்தான் நம்புவார். அவரிடம் ஒன்பது வருடமாக ஒரே ஒரு ஆபரேட்டர். முதுநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பெண், வயது முப்பத்தெட்டு இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவரும், படுத்த படுக்கையாகிவிட்ட அவர் அப்பாவும் மட்டும். காலையில் அப்பாவுக்கு எல்லாம் செய்து வைத்துவிட்டுப் பத்து மணிக்கு வருவார், மதியம் ஒரு நடை போய் வருவார், திரும்ப ஆறு வரை இருப்பார். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் அப்படிப் போய்வர விடுகிற இடம் கடலூரில் வேறு இல்லை என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

வேலை இதுதான். பெண்ணையோ பையனையோ பெற்றவர்கள் ஜாதகத்தைக் கொண்டுவருவார்கள். ஆபரேட்டர் அதைப் பார்த்து ஒரு நீளமான படிவத்தில் அடிப்பார். பெயர், பிறந்த நேரம், நட்சத்திரம், பாதம், ராசி, படிப்பு, உத்தியோகம், எதிர்பார்ப்பு என்று போய்க் கடைசியில் போட்டோவும் 'சேமி' பொத்தானும். படிவம் ஒரே திரையில் அடங்காது. மவுசின் சக்கரத்தை உருட்டிக் கீழே போக வேண்டும். நட்சத்திரத்தை யாரும் அடிக்க வேண்டாம். அம்பை அழுத்தினால் அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழும் வரிசையாக இறங்கும், ஒன்றைத் தொட்டால் போதும். இதில் எனக்குப் பெருமை வேறு. நட்சத்திரத்துக்குப் பொருந்தாத ராசியைப் போட்டால் என் புரோகிராம் சேமிக்காது. கார்த்திகை ஒன்றாம் பாதம் மேஷம், மற்ற மூன்றும் ரிஷபம் என்பது வரைக்கும் அதற்குத் தெரியும். சிரஸ்தார் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு ஜோசியனையே உள்ள உக்கார வச்சிட்டீங்க" என்றார்.

சேமித்த பிறகு ஒரு பக்கத்தில் வரன் குறிப்பு அச்சாகும், வரன் தேடுகிற மற்ற வீட்டாருக்கும் மையம் அதையே காட்டும். அதன் நான்கு மூலையிலும் ஆபரேட்டர் மஞ்சள் தடவி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, மடித்துப் பெற்றவர்களிடம் கொடுப்பார். "வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பாருங்க, தப்பு இருந்தா சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நேராகப் பூஜை அலமாரியில் வைப்பார்கள். மஞ்சள் பட்டு, சாமி படத்துக்கு முன்னால் போன தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு பிழை பார்க்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. அது நல்லபடியாக முடிந்துவிட்ட காரியத்தின் தாள்.

ஒரு நாள் ஆபரேட்டரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மையத்தில் பழைய மவுசின் சக்கரம் ஆரம்பத்திலிருந்தே ஓடாது, திரையின் ஓரப் பட்டையை இழுத்துத்தான் கீழே போவார்கள்; அந்த வாரம்தான் புதுசு வாங்கியிருந்தார்கள். "சார், ஒரு சின்ன விஷயம். நட்சத்திரம் தானா நகர்ற மாதிரி இருக்கு" என்றார்.

"நட்சத்திரம்னா நகராம இருக்குமா?" என்றேன். என் ஜோக்குக்கு நானே சிரித்தேன்.

அவரும் மரியாதைக்குச் சிரித்தார். "இல்ல சார், நான் ஒண்ணு போடறேன், கீழ போய்ட்டு வந்து பாத்தா வேற ஒண்ணு இருக்கு. எப்பவும் இல்ல, எப்பயாச்சும்."

"கை பட்டிருக்கும். பாத்து அடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்பயாச்சும் வருகிற தவறுகள் எல்லாம் கைத்தவறுகள் என்பது என் கொள்கை.

எட்டு மாதம் கழித்து, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் மஞ்சள் காய்ந்த தாளோடு மையத்தின் படியேறி வந்தார். அவர் பெண்ணுக்கு முப்பத்தொன்று. எட்டு மாதமாக ஒரு வரனும் வரவில்லை, பொறுமையாக இருந்திருக்கிறார். முந்தின நாள் புவனகிரியில் இருந்து ஒரு பையனின் தாய்மாமா போன் பண்ணி, "எல்லாம் புடிச்சிருக்குங்க, ஆனா பொண்ணு ஆயில்யமாமே, எங்க அக்கா பயப்படுது" என்றிருக்கிறார். தகப்பனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பெண் பூசம். அலமாரியிலிருந்து தாளை எடுத்து முதல் தடவையாகப் பிரித்துப் படித்திருக்கிறார். அதில் ஆயில்யம் என்றுதான் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு. எவன் கிளப்பிவிட்டான் என்று தெரியாது. மாமியார்கள் மட்டும் விடாமல் காப்பாற்றி வருகிறார்கள். அந்த வார்த்தையைப் பார்த்தால் அதற்கு மேல் குறிப்பைப் படிக்க மாட்டார்கள், ஜாதகம் கேட்க மாட்டார்கள், வேண்டாம் என்று சொல்லக்கூட மாட்டார்கள். சும்மா இருந்துவிடுவார்கள். அதனால்தான் எட்டு மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. என் புரோகிராமுக்குள் உட்கார்ந்திருந்த ஜோசியரும் வாயைத் திறக்கவில்லை. பூசமும் ஆயில்யமும் இரண்டுமே கடக ராசி.

தகப்பனார் சத்தம் போடவில்லையாம். வந்திருந்த நாலைந்து பேருக்கு முன்னால் தாளை மேசையில் விரித்து வைத்து, "எட்டு மாசம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். சிரஸ்தாருக்கு அது சத்தத்தைவிட மோசமாகப் பட்டிருக்கிறது. அன்று மதியமே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, எங்க ஆபரேட்டர், நான் ஆயில்யம்னு அடிக்கவே இல்லன்னு சொல்லுது. அப்போ யாரு அடிச்சா? முருகனா? எனக்கு ரெக்கார்டு வேணும். யாரு, எதை, எப்போ மாத்துனாங்கன்னு உங்க புரோகிராம் எழுதி வைக்கணும்."

அது கஷ்டமான வேலை இல்லை. படிவத்தில் எது மாறினாலும் பழசு, புதுசு, நேரம், பயனர் என்று ஒரு வரி எழுதி வைக்கும்படி செய்து கொடுத்தேன். அதோடு மனசுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. ஒன்பது வருடம் ஒரே வேலை, அலுத்துப்போயிருக்கும், கவனம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் ஓடியது. சிரஸ்தார் பதிவேட்டைத் திறந்து பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினார். ஐந்து இடத்தில் நட்சத்திரம் முதலில் சரியாக இருந்து, பிறகு தவறாகி, பிறகு திரும்பச் சரியாகியிருந்தது. அனுஷம், கேட்டை, அனுஷம். உத்திரம், அஸ்தம், உத்திரம். ஐந்திலும் பயனர் என்ற இடத்தில் ஆபரேட்டர்.

"பாத்தீங்களா? சரியாப் போட்டத மாத்திட்டு, இப்போ மாட்டிப்போம்னு திரும்பத் திருத்தி வச்சிருக்கு. வேணும்னு செய்யுதோ, கை நடுங்குதோ, எனக்கு அது தேவையில்ல. மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிட்டேன்" என்றார். "நீங்க அந்த ரெக்கார்டை பிரிண்ட் எடுத்து, கீழ ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

சரி என்றேன். வருத்தமாக இருந்தது, ஆனால் வேலை வேலைதான் என்று இருந்தேன். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து அந்தப் பிரிண்டை எடுத்தேன். கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவைத் திறந்தபோதுதான் நேரம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். அனுஷம் போட்டதற்கும் அது கேட்டை ஆனதற்கும் நடுவில் ஒரு விநாடிகூட முழுசாக இல்லை. உத்திரம் அஸ்தமானதும் அப்படித்தான். ஒரு மனுஷி அம்பை அழுத்தி, பட்டியலைத் திறந்து, வேறொன்றைத் தொடுவதற்குக் குறைந்தது இரண்டு மூன்று விநாடி ஆகும். எனக்கே ஆகும்.

பேனாவை மூடினேன். ஐந்தையும் திரும்பப் படித்தேன். ஐந்தும் ஒரு வரி கீழே நகர்ந்திருந்தன. ஒன்றுகூட மேலே போகவில்லை. கை நடுங்கினால் மேலேயும் போகும், கீழேயும் போகும். கவனக்குறைவு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. எட்டு மாதத்துக்கு முந்தைய பூசத்துக்கும் என் பட்டியலில் அடுத்த வரி ஆயில்யம்தான்.

என் லேப்டாப்பில் நான் மவுசே வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் கீபோர்டுதான், அதில் எனக்கு ஒரு திமிர். கீழே போய் ஜெராக்ஸ் கடைக்காரரிடம், "மச்சான், உன் மவுசை அஞ்சு நிமிசம் குடு" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். படிவத்தைத் திறந்து பூசத்தைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியல் மூடிக்கொண்டது. ஆபரேட்டர் எப்படிச் செய்வாரோ அப்படியே, மவுசை நகர்த்தாமல், கண்ணை எதிரில் இருந்த தாளில் வைத்துக்கொண்டு, கீழே போகச் சக்கரத்தை ஒரு சொடுக்கு உருட்டினேன். படிவம் நகரவில்லை. மவுசைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி உருட்டினேன், நகர்ந்தது. பிறகு மேலே வந்து பார்த்தேன்.

ஆயில்யம்.

அடப்பாவி என்று சொன்னேன். என்னைத்தான். இது நான் கண்டுபிடித்த புதுப் பிரச்சினைகூட இல்லை. மவுசின் அம்பு எந்தப் பெட்டியின் மேல் நிற்கிறதோ அந்தப் பெட்டி சக்கரத்தை எடுத்துக்கொள்ளும். பட்டியல் மூடியிருந்தாலும் உள்ளே அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். இந்தத் தொழிலில் ஒரு வருடம் இருந்தவனுக்குத் தெரிய வேண்டியது. பழைய மவுசின் சக்கரம் ஓடாத வரைக்கும் என் தவறும் தூங்கிக்கொண்டிருந்தது. புது மவுசு வந்த வாரத்திலேயே அவர் எனக்குப் போன் பண்ணிச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் ஜோக்கடித்தேன்.

திருத்த நாலு வரிதான். பட்டியல் மூடியிருக்கும்போது சக்கரம் உருண்டால் அதைப் பெட்டிக்குக் கொடுக்காதே, படிவத்தை நகர்த்து. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். புதுப் பதிப்பை அனுப்பும்போது என்ன மாறியது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். எந்தத் தவறைத் திருத்தினாலும் அதில் நான் எழுதுவது இரண்டே சொல்: 'சிறு திருத்தங்கள்'. அன்றைக்கும் கை தானாக அதையே அடித்துவிட்டது. அப்படியே அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தவறு நின்றிருக்கும், ஆபரேட்டர் போனதால் நின்றது என்று சிரஸ்தார் நினைத்திருப்பார். பத்து நிமிடமாவது அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளர் போனால் அவர் சொல்லி இன்னும் மூன்று பேர் போவார்கள் என்று கணக்குப் போட்டேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். போய்ச் சேர்ந்ததும் ஒத்திகை எல்லாம் போய்விட்டது. ஆபரேட்டர் தன் மேசையில் வழக்கம்போல ஒரு ஜாதகத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். சிரஸ்தார், "கையெழுத்து கொண்டாந்தீங்களா?" என்றார்.

"ஐயா, தப்பு அவுங்க மேல இல்ல. என் மேல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெக்கார்டு நீங்க குடுத்ததுதானே? இப்போ அது பொய்யுன்றீங்களா?"

"பொய் இல்லைங்க. அது பெட்டியில மாறுனத எழுதும். கை மாத்துச்சா, சக்கரம் மாத்துச்சான்னு அதுக்குத் தெரியாது. யாரு பேருல திறந்திருக்கோ அவுங்க பேரை எழுதிடும்."

"கூண்டுல ஏறி மொத நாள் ஒண்ணு, மறுநாள் ஒண்ணு சொன்னா அதுக்கு எங்க கோர்ட்ல ஒரு பேரு உண்டு தம்பி. பிறழ் சாட்சி."

"அப்படியே வச்சுக்குங்க. இப்படி வந்து உக்காருங்க, நீங்களே செஞ்சு பாருங்க."

புதுப் பதிப்பை நான் இன்னும் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. ஆபரேட்டர் எழுந்து நின்றுகொள்ள, சிரஸ்தார் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பூசம் எடுக்கச் சொன்னேன், எடுத்தார். மவுசை நகர்த்தாமல் கீழே போகச் சொன்னேன். உருட்டினார். அவர் கண்ணெதிரே பூசம் ஆயில்யமானது.

மறுபடியும் செய்தார். ரோகிணி மிருகசீரிடமானது. மூன்றாவது தடவையும் செய்து பார்த்துவிட்டுக் கையை மவுசிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆபரேட்டர் பின்னால் நின்றிருந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

"இத எனக்கு எட்டு மாசத்துக்கு முன்னாடியே போன்ல சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சிரஸ்தார் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. "நீ வழக்கம் போல வா, தாயி" என்று ஆபரேட்டரைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். "நீங்க சொன்னத அப்படியே எழுதுங்க. ஒண்ணு ஃபைலுக்கு, ஒண்ணு நெல்லிக்குப்பத்துக்காரருக்கு." எழுதினேன். சிறு திருத்தங்கள் என்று எழுத முடியாத தாள் அது. ஒரு பக்கம் முழுக்க வந்தது.

மிச்ச வேலை பெரிசாக இருந்தது. புது மவுசு வந்த நாளிலிருந்து அடித்த ஒவ்வொரு குறிப்பையும் மூல ஜாதகத்தோடு ஒப்பிட வேண்டும். எது சரி, எது நகர்ந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நானும் வந்து உட்காருகிறேன் என்றேன். அடுத்த வாரம் முழுக்கத் தினமும் பஸ்ஸில் போனேன். நான் திரையில் இருப்பதைப் படிப்பேன். ஆபரேட்டர் ஜாதக நகலைப் பார்த்துச் சரி என்பார், இல்லை என்பார். ஏழு பேருக்கு நகர்ந்திருந்தது. ஏழு வீட்டுக்கும் சிரஸ்தாரே போன் செய்தார். நெல்லிக்குப்பத்துப் பெண்ணுக்குத் திருத்திய குறிப்பு போன நாலாம் நாள் இரண்டு இடத்திலிருந்து ஜாதகம் கேட்டு வந்தது. அதில் எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. பெண் அதே பெண்தான்.

கடைசி நாள் மதியம், சிரஸ்தார் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. ரெக்கார்டையே காட்டிச் சொன்ன பிறகும் அவர் ஒரு தடவைகூட, ஒருவேளை கை தவறியிருக்கலாம் என்று சொல்லவில்லை. ரெக்கார்டை எழுத வைத்த நானே அதை நம்பினேன்.

"அந்தப் பூசத்தை நீங்க மாத்தலன்னு உங்களுக்கு எப்படி அவ்ளோ நிச்சயமா தெரிஞ்சுது?"

அவர் கையிலிருந்த நகலை மடித்தார். "கேட்டை, அஸ்தம்னா கை தவறிடுச்சோன்னு நானே சந்தேகப்பட்டிருப்பேன் சார். ஆயில்யத்தை நான் கவனிக்காம அடிக்க மாட்டேன். அது என் நட்சத்திரம்."

"ஐயாகிட்ட இத சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா என்ன சொல்லுவாரு? தனக்குக் கல்யாணம் ஆகலன்ற வயித்தெரிச்சல்ல, அடுத்தவங்க பொண்ணுக்கும் அதையே அடிச்சிட்டான்னு சொல்லுவாரு. கோர்ட்ல இருந்தவரு சார். அதையும் ஒரு தாள்ல எழுதிக்குவாரு."

அது உண்மை. சிரஸ்தாரை விடுங்கள், அந்த வாரத்தில் நானே அதை நம்பியிருப்பேன். என் ரெக்கார்டு, அதற்கு மேல் ஒரு காரணமும் கிடைத்துவிட்டது என்று கையெழுத்தைப் போட்டு அனுப்பியிருப்பேன்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்க பதிவு இதுல இருக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இருந்துச்சு. வேலைக்கு வந்த மொத வருசம் நானே போட்டேன், ஐயாவுக்குத் தெரியாம. நாலு வருசம் இருந்துச்சு." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தரும் கேக்கல. அப்புறம் ஒரு நாள் நானே நீக்கிட்டேன். உங்க பொட்டி ஒண்ணு வந்துச்சு சார், திரும்பப் பெற முடியாதுன்னு. ரெண்டு தடவ படிச்சேன். படிச்சுட்டுத்தான் ஆம் குடுத்தேன்."

கீழே மருந்துக்கடையில் யாரோ மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அடுத்த ஜாதகத்தைப் பிரித்துக்கொண்டு, "படிங்க சார்" என்றார். நான் படித்தேன்.